குட்டிகளுக்கு ராஜபாளையம் பஞ்சு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் பெட்டி எனக்கு முன்னால் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தது.
2. பேருந்து நிலையத்தில் என்னைக் கஞ்சா விற்பவள் என்று சந்தேகித்தார்கள்.
3. ஒரு மில்லில் என்னைக் கைக்குழந்தைகளைக் கொடுமை செய்பவள் என்று முடிவே கட்டினார்கள்.
4. சொல்லக் கூடாத ஒரு சொல்லை, சொல்லக் கூடாத இடத்தில், கேட்கக் கூடாதவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். இரண்டு முறை.
5. ஒரு நாய் மாட்டிக்கொண்டது.
6. பஞ்சு கிடைத்தது.

சிங்கப்பூரில் இருக்கும் என் பேராசிரியருக்கு ஆறாவதை மட்டும் தெரிவித்தேன். மற்றவை இங்கே.

என் வேலை சுண்டெலிகளோடு. மரபணு மாற்றிய சுண்டெலிகள். மூளையில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மிகச் சிறிய இடைவெளி. ஒன்று அனுப்புகிற சேதியை மற்றது அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிற பக்கத்தில், கட்டடத்துக்குச் சாரம் கட்டியது போல, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானவர்களில் பலருக்கு ஆட்டிசம் இருக்கிறது. அதே பழுதை எலியில் உண்டாக்கி, சாரம் எங்கே சரிகிறது என்று பார்க்கிறோம்.

எலியிடம் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. அதனால் ஒரு பஞ்சுக் கட்டி கொடுக்கிறோம். உள்ளங்கையில் பாதி அளவு, நன்றாக அழுத்திய சதுரம். மாலையில் கூண்டில் வைத்தால் சாதாரண எலி இரவோடு இரவாகப் பல்லால் கிழித்து, உதறி, காலைக்குள் கிண்ணம் போல ஒரு கூடு கட்டிவிடும். மாற்றிய எலி பெரும்பாலும் கட்டாது. மிச்சமிருக்கும் கட்டியை நிறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வழக்கமாகக் கட்டி அனுப்புகிற நிறுவனம் திடீரென்று நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியும் பஞ்சும் செய்கிற ராஜபாளையம் மில் ஒன்றைப் பேராசிரியர் எங்கிருந்தோ கண்டுபிடித்தார். முதல் மாதிரி வந்தது. குழந்தைப் பவுடர் வாசனை அடித்தது. கெட்டியாகச் செய்யுங்கள் என்று எழுதினோம். இரண்டாவது மாதிரி முதலாவதைவிட மென்மையாக வந்தது. போதாததற்கு ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி மெல்லிய துணி வைத்து நீல நூலில் தைத்திருந்தார்கள். தையல் மிக அழகு. எந்த எலியும் கூடு கட்டவில்லை. சாதாரண எலியும் சும்மா இருந்தால், மாற்றிய எலி சும்மா இருப்பதில் என்ன பொருள்?

அடுத்த தொகுதிக் குட்டிகள் சோதனை வயதை நெருங்கிக்கொண்டிருந்தன. அந்த வாரம் தவறினால் பல மாத வளர்ப்பு வீண். நான் அப்போது சென்னையில் ஓர் உறவினர் திருமணத்தில் இருந்தேன். "ராஜபாளையம் பக்கம்தானே, நேரில் போய்ச் செய்து வாங்கி வா," என்றார் பேராசிரியர். எங்கள் தீவில் எல்லா ஊரும் பக்கம்தான். அவர் மேல் குற்றமில்லை.

நிறுக்கும் சாமான்களைச் சென்னையிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து நின்றது. "செத்த நேரம் நிக்கும்," என்றார் நடத்துநர். செத்த நேரம் என்பது எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். இறங்கி ஒரு டீ குடித்தேன். பக்கத்துக் கடையில் பால்கோவாவைக் காகிதத்தில் வைத்து நீட்டினார்கள். இளஞ்சூடு. நாக்கில் வைத்தால் மணல் மணலாகக் கரைந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் டப்பாவில் விற்கிற பால்கோவாவை நான் இத்தனை நாள் எதற்காகச் சாப்பிட்டேன் என்று யோசித்துவிட்டுத் திரும்பினால் பேருந்து இல்லை.

டீக்கடைக்காரர் பதறவில்லை. "போயிட்டான்மா. பொட்டி எங்கயும் போயிராது, ராஜபாளையத்துக்குத்தான் போகும். இன்னொரு டீ குடிங்க."

குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் போனேன். நடத்துநர் என் பெட்டியை ராஜபாளையம் நிலையத்தில் நேரக் காப்பாளர் அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் நேர்மையைப் பாராட்டினேன். நேரக் காப்பாளருக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னாத் தாரேன்."

பட்டியல் என்றால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். "ஒன்று, மின் தராசு. கிராமில் சிறு பங்கு வரை காட்டும். இரண்டு, ஜிப் வைத்த சிறிய நெகிழிப் பைகள், ஒரு கட்டு. மூன்று, கையுறைகள். நான்கு..."

நான்காவதைச் சொல்வதற்குள் அவர் ஏட்டையாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"தராசு எதுக்கும்மா?" என்றார் ஏட்டையா.

"நிறுப்பதற்கு."

"அது தெரியுது. என்னத்த நிறுக்க?"

"கிழிக்காமல் மிஞ்சிய பஞ்சை."

"யாரு கிழிப்பா?"

"எலி."

ஏட்டையா நேரக் காப்பாளரைப் பார்த்தார். "எலி கிழிச்ச பஞ்ச நிறுக்கதுக்குச் சிங்கப்பூர்ல சம்பளம் குடுக்காங்களாம்ல." பிறகு என்னிடம், "என் மவன் எம்.எஸ்சி. முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கான். அவனுக்கும் நிறுக்கத் தெரியும்," என்று சொல்லிப் பெட்டியைத் தந்தார்.

முகூர்த்த நாளாம். ராஜபாளையத்து விடுதி அறைகள் எல்லாம் கல்யாண வீட்டார் கையில். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அறை எடுத்துத் தினமும் பேருந்தில் போய் வந்தேன். அறை ஜன்னலில் பாதி கோபுரம் தெரிந்தது. மீதிப் பாதியை ஒரு கைபேசி விளம்பரம் மறைத்தது.

மறுநாள் மில். முதலாளியை எல்லோரும் முதலாளி என்றே அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலடியில் வெள்ளை நாய். ராஜபாளையம் நாயைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அது ஒரு சோபா அளவுக்கு இருந்தது. "ராஜா, எந்திரி," என்றார் முதலாளி. அது அசையவில்லை. "காது கேக்காது. வெள்ளையில பாதிக்கு இப்படித்தான். ஆனா நல்ல வம்சம்," என்றார்.

நான் வந்த விவரத்தைச் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். என் ஆய்வகத் தோழி விஜயவாடாக்காரி என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதன் தமிழ்: "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் வாயைத் திறந்தால் ரேடியோவில் செய்தி ஓடுகிறது."

பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ் எனக்கு. வேறு தமிழ் கையிருப்பில் இல்லை.

"ஒண்ணே ஒண்ணும்மா," என்றார் தமிழில். "உள்ள போயிட்டா குட்டிகள்னே சொல்லுங்க. குட்டிகளுக்குப் பஞ்சு. அம்புட்டுத்தான்."

ஆய்வகத்திலும் நாங்கள் குட்டிகள் என்றுதான் சொல்வோம். பாசமுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டி அழுத்துகிற பிரிவை நடத்தியவர் ஜெயராணி அக்கா. செட்டியார்பட்டியிலிருந்து வருகிறவர். அழுத்தும் இயந்திரத்தை எவ்வளவு இறக்கினால் பஞ்சு எவ்வளவு இறுகும் என்பது அவர் கைக்குத்தான் பழக்கம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா. குட்டிகளுக்கு நாங்க அனுப்புனது ஒத்துக்கிடுச்சா?"

"இல்லை அக்கா. மிகவும் மென்மையாக இருந்தது. கெட்டியாக வேண்டும்."

"கெட்டியாவா? மேலுல உறுத்தாது?"

"உறுத்தினால் பரவாயில்லை. பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதுதான் சோதனை."

"பல்லாலயா? எம்புட்டு வயசு?"

"எட்டு வாரம்."

பக்கத்தில் பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்த மாரி என்ற பெண் நிமிர்ந்தாள். "சிங்கப்பூர்ல எட்டு வாரத்துல பல்லு மொளைக்குமாக்கா?"

"ஏட்டி, நீ சும்மா இரு. அங்கத்துத் தண்ணி அப்படி இருக்கும்," என்றார் ஜெயராணி அக்கா. என் பக்கம் திரும்பி, "நூலு மூக்குல ஏறிரக் கூடாதேன்னுதான் ஓரம் தச்சோம்," என்றார்.

"அங்கேதான் சிக்கல். தையல் நூலைத் தின்றுவிட்டன. ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு."

"ஐயையோ! டாக்டரு பாத்தாரா?"

"பார்த்தார். இப்போது நலம்."

"ராத்திரி அம்மைதான பக்கத்துல கெடக்கும்? அது பாத்துக்கிடாதா?"

"இல்லை அக்கா. மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவோம். சோதனை அன்று ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில்தான் திறப்போம்."

"கூண்டுல," என்றாள் மாரி, மெதுவாக.

கேள்விகள் இவ்வளவு ஆர்வமாக வருகின்றனவே என்று எனக்கு மகிழ்ச்சி. தொடர்ந்து விளக்கினேன். "சாதாரணமானவை அழகாகக் கட்டிவிடும். மரபணு மாற்றியவை கட்டாமல் கிடக்கும். எங்களுக்கு வேண்டியது அதுதான். இது ஆட்டிசம் பற்றிய ஆய்வு."

ஜெயராணி அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். "மாத்துனதா? யாரு மாத்துனா?"

"நாங்கள்தான்," என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

அவர் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டார். "நான் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். மாரியும் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் யாரிடமும் வாங்கியதில்லை.

முதலாளியிடம் ஓடினேன். அவர் நெற்றியைத் தடவினார். "அவ மகன் சுதனுக்கு ஆறு வயசு. அவனுக்கும் அதுதாம்மா, நீங்க சொல்லுத ஆட்டிசம். நாளைக்கு வெளிநாட்டு ஆர்டருக்கு மில்லுல சுத்தம் பாக்க ஆடிட்டர் வாராரு. இந்த நேரம் அவகிட்ட நான் சத்தம் போட முடியாது. நீங்களே பேசிப் பாருங்க."

எனக்குப் புரியவில்லை. மகனுக்கு ஆட்டிசம் என்றால் ஆய்வில் அக்கறை கூடத்தானே வேண்டும்? அறைக்குத் திரும்பி, காரணம் என்னவாக இருக்கலாம் என்று பட்டியல் போட்டேன். ஐந்து வந்தது. ஐந்தும் தவறு.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினேன். சமாதானத்துக்கு அதைவிட நல்லதாக எதுவும் தோன்றவில்லை. பேருந்தில் உட்கார இடமில்லை. ஒரு கையில் கம்பி, மறுகையில் பால்கோவா. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "குடும்மா, நான் வச்சுக்கிடுதேன்," என்று பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்தார். எங்கள் ரயிலில் யாராவது இப்படிக் கேட்டால் அவசரப் பொத்தானை அழுத்தியிருப்பேன். இறங்கும்போது மறக்காமல் திருப்பித் தந்தார்.

மில்லில் எல்லோர் தலையிலும் வலைத்தொப்பி. ஆடிட்டர் வந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், மெலிந்த உடம்பு, பஞ்சைத் தொடுவதற்கு முன் கையுறையைக்கூட முகர்ந்து பார்த்தார். அவர் தளத்தின் அந்தக் கோடியில் இருக்க, நான் இந்தக் கோடியில் ஜெயராணி அக்காவிடம் பொட்டலத்தை நீட்டினேன்.

"எங்க வீட்டுல பால்கோவா வாங்குறதில்ல," என்றார்.

"அக்கா, நான் என்ன தவறு செய்தேன்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "எம் மவன் தானா அப்படிப் பொறந்தான். அதுக்கே தெனம் பேச்சு வாங்குதேன். நீங்க நல்லாருக்க பிள்ளையள வேணும்னே மாத்தி, அம்மைட்ட இருந்து பிரிச்சு, கூண்டுல போட்டு, கடிக்கப் பஞ்சு குடுத்து, வேடிக்கை பாக்கீய. அதுக்கு எங்கையால பஞ்சு போடச் சொல்லுதீய. படிச்ச பிள்ளதான நீங்க?"

நேற்றைய பேச்சு முழுவதும் என் தலைக்குள் மறுபடி ஓடியது. எட்டு வாரம். பல். கூண்டு. நாங்கள்தான் மாற்றினோம்.

"ஐயோ, பிள்ளைகள் இல்லை!" என்றேன். அமைதியானவள் என்று எனக்குப் பெயர். அந்த நேரம் அந்தப் பெயர் என்னிடம் இல்லை. "எலிக்கா! எலி!"

தளம் உறைந்தது. இயந்திரம் நிற்கவில்லை, மனிதர்கள் நின்றார்கள். மாரி இரண்டு காலையும் முக்காலிக்கு மேல் தூக்கிக்கொண்டாள். அந்தக் கோடியில் ஆடிட்டர் தலையைத் திருப்பினார்.

முதலாளி பாய்ந்து வந்தார். "ஏலக்கா! ஏலக்கா டீ கேக்காங்க சார்! சிங்கப்பூர்ல இருந்து வந்திருக்காங்க, அங்க ஏலக்கா டீதான் குடிப்பாங்களாம்!"

ஆடிட்டர் நிதானமாகச் சொன்னார்: "முதல் தடவை ஏலக்கான்னு வச்சுக்கலாங்க. ரெண்டாவது தடவை தெளிவா எலின்னுதான் சொன்னாங்க."

பிறகுதான் கணக்குப்பிள்ளை எனக்கு விளக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஞ்சு அது. ஒரு மூட்டையில் ஒரு எலிப் புழுக்கை கிடைத்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அதனால் இந்த மில்லில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'பிள்ளையார் வண்டி' என்பார்கள். எங்கள் கடிதத்தில் அது பத்து இடத்தில் இருந்ததாம். முதலாளி கடிதத்தைப் பூட்டி வைத்துவிட்டுத் தளத்தில் வாய்வார்த்தையாக, "சிங்கப்பூர்ல குட்டிகளுக்கு வேணுமாம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர்கள் பாசத்தோடு பவுடர் போட்டு, ஓரம் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆடிட்டர் சரக்கு வைக்கும் கிட்டங்கியைத் திறக்கச் சொன்னார். மூட்டை மூட்டையாக நகர்த்தி, டார்ச் அடித்து, மதியம் வரை தேடினார். எலி இல்லை. கடைசி வரிசையில், ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த மூட்டையின் மேல், ராஜா படுத்திருந்தது. இத்தனை அமளியும் அதன் காதுக்கு எட்டவில்லை. டார்ச் வெளிச்சம் கண்ணில் பட்டதும் எழுந்து ஆடிட்டரின் கையுறையை நக்கியது.

"அது நல்ல வம்சம் சார்," என்றார் முதலாளி, வேறு எதுவும் தோன்றாமல்.

அந்த நேரம் நான் ஜெயராணி அக்காவோடு வெளியே வேப்பமர நிழலில் இருந்தேன். கைபேசியில் எலிகளின் படத்தைக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதுக்கா ஓரம் தச்சேன்! நீல நூலு தேடி வாங்குனேனே!"

சிரிப்பு அடங்கியதும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மாத்துனது எது? மாத்தாதது எது?"

"பார்த்தால் தெரியாது அக்கா."

"இதுக அம்மை வேற வேறயா?"

"ஒரே தாய். ஒரே ஈற்றில் பிறந்தவைதான். சிலவற்றுக்கு அந்த மாற்றம் வந்திருக்கும், சிலவற்றுக்கு வராது."

"அம்மை தின்னது?"

"எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உணவுதான் தின்றிருக்கும். அப்படி இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரே தாய், ஒரே கூண்டு, ஒரே சாப்பாடு."

அவர் கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார். சுதன் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று பால்கோவா சாப்பிட்டாராம். மாமியார் இன்றுவரை அதைத்தான் சொல்கிறாராம். விருந்தாளி வந்தால் காப்பியோடு அந்தக் கதையும் வருமாம்.

"உங்கள் மகனுக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது அக்கா," என்றேன். "எங்கள் எலியில் இருப்பது ஒரே ஒரு மரபணு. ஆட்டிசத்துக்குப் பல வழிகள் உண்டு. எலியை வைத்துச் சுதனைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் பால்கோவா என்று யாரும் எங்கும் கண்டுபிடிக்கவில்லை."

"நான் அவனப் பத்திக் கேக்கல. அந்தத் தாயெலி மேல உங்க ஊர்ல யாராவது பழி போடுதாங்களா?"

"இல்லை அக்கா. யாரும் போடுவதில்லை."

"அது போதும்," என்றார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் பால்கோவா வாயில் போட்டார். "கெட்டின்னா எம்புட்டுக் கெட்டி? ஒரு செங்கல்லு மாதிரி வேணுமா, ரொட்டி மாதிரி வேணுமா?"

ரொட்டிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் என்றேன். அடுத்த நாள் மாலைக்குள் எல்லாம் தயார். பவுடர் இல்லை, ஓரத் தையல் இல்லை. நான் ஒரு கட்டியைப் பல்லால் கிழித்துப் பார்த்தேன். மாரியும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "எட்டு வாரத்துக்கு இது சரியான கெட்டிக்கா," என்றாள்.

வழியனுப்ப ஜெயராணி அக்கா சுதனையும் பேருந்து நிலையத்துக்குக் கூட்டி வந்தார். அவனுக்குப் பேருந்து என்றால் உயிர். பேச்சு அதிகமில்லை. பேசுகிற இரண்டு சொல்லும் நடத்துநர்களுடையவை. என்னைப் பார்க்கவே இல்லை. என் பெட்டியின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் பெட்டியோடு ஏறினேன். இந்த முறை கையை அதிலிருந்து எடுக்கவில்லை. நடத்துநர் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுதன் பேருந்தின் பின்பக்கம் போய், தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு, போலாம்!" என்றான்.

அச்சு அசல் நடத்துநர் குரல். பேருந்து கிளம்பிவிட்டது.

நடத்துநர் வெற்றிலையோடு ஓடி வந்ததும், ஜெயராணி அக்கா மகனை இழுத்துக்கொண்டு சிரித்ததும் பின் கண்ணாடியில் தெரிந்தது. அந்தச் சிரிப்பில் மன்னிப்புக் கேட்கும் சாயல் துளியும் இல்லை.

இப்போது நிலவரம் இது. ஆடிட்டர் தன் அறிக்கையில் 'நாய் ஒன்று உண்டு, எலி இல்லை' என்று எழுதியிருக்கிறார். ராஜாவைக் கிட்டங்கிக்கு வெளியே கட்டிப்போட்டு அதன் படத்தையும் அனுப்பிய பிறகுதான் ஆர்டர் உறுதியானதாம். குட்டிகளுக்குக் கட்டிகளை உரிய வாரத்தில் கொடுத்தோம். சாதாரண எலிகள் கிழித்துக் கூடு கட்டின. மாற்றியவற்றில் பெரும்பாலானவை கட்டவில்லை. ஒன்று மட்டும் கட்டியை மூலைக்கு இழுத்துப்போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. காரணத்தைப் பற்றி இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை. சாரம் எங்கே சரிகிறது என்று பார்க்கும் வேலை இனிமேல்தான்.

ஜெயராணி அக்கா படம் கேட்டிருந்தார். நல்ல கூடு ஒன்றையும், உட்கார்ந்திருந்ததையும் அனுப்பினேன். பதிலாகக் குரல் பதிவு வந்தது. பின்னணியில் யாரோ விருந்தாளிக்குக் காப்பி ஆற்றும் சத்தம், மாமியார் குரல் ஏதோ தொடங்கும் சத்தம். அதற்கு மேலாக அக்கா குரல்: "சும்மா இருங்கத்த, சிங்கப்பூருக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். ஏம்மா, அந்தத் தாயெலி எப்படி இருக்கு?"

தாயெலி நலம். மேலிருந்து மூன்றாவது தட்டில், இடது ஓரக் கூண்டில் இருக்கிறது. ராஜபாளையம் பஞ்சில் கூடு கட்டியிருக்கிறது.